எண் விடுபட்டால் பணம் விடுபட்டதாகுமா?



கோடை விடுமுறை முடிந்து திரும்புவோர்க்கான ரயில் வசதிகளைப் பற்றி இத்திங்கள் எழுத எண்ணியிருந்தோம். ஆயினும், நம் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் நிகழ்ந்ததை எழுதாமல் வேறொன்றை எழுத மனம் இடந்தரவில்லை. அன்று ஒரு பெரியவரின் நேர்மைமீது ஐயம் விழுந்தது. அவ்வையத்தை எழுப்பியவர் வேறெவருமல்லர். இப்பகுதியை எழுதிவரும் நாமே. பலர் முன்னிலையில் செய்த பிழையைப் பலர் முன்னிலையிலேயே திருத்துவதுதான் முறை. ஆதலின் நடந்ததையும், அதன் பின்னர் நாம் கற்றுக்கொண்டதையும் ஒளியாமல் எழுதுகின்றோம்.

கூட்டத்திற்கு வந்திருந்தோர் அறிவர்; வராதவர்க்காகச் சுருங்கச் சொல்லுவோம். இவ்வாண்டு சித்திரை முதல் நம் சங்கத்துச் சந்தா ரசீதுகள் கையால் எழுதப்படுவதில்லை. அலுவலக அறையிலுள்ள கணிப்பொறியே எண்ணிட்டு அச்சடித்துத் தருகின்றது. ஆண்டுச் சந்தா 500 ரூபாய். வரவு செலவு அறிக்கையுடன் ரசீதுப் பட்டியலும் மேசைமீது வைக்கப்பட்டிருந்தது. பழக்க வசத்தால் அதனைக் கையிலெடுத்துப் புரட்டினோம். 1 முதல் 23 வரை எண்கள் ஒழுங்காக இருந்தன. அடுத்த ரசீதின் எண் 24 ஆக இருக்கவேண்டும். ஆனால் 51 என்றிருந்தது. 51 முதல் 68 வரை ஒழுங்கு. அதற்கடுத்தது 101. 101 முதல் 140 வரை மறுபடியும் ஒழுங்கு. 24 முதல் 50 வரை 27 எண்களையும், 69 முதல் 100 வரை 32 எண்களையும் காணோம். ஆக 59 ரசீதுகள். ரசீதுக்கு 500 வீதம் 29,500 ரூபாய்.

எழுந்து நின்று, "இந்த ஐம்பத்தொன்பது ரசீதுகளும் எங்கே?" என்று கேட்டுவிட்டோம்.

நம் பொருளாளர் பதினெட்டு ஆண்டுகளாகச் சங்கத்தின் கணக்கைப் பார்த்து வருபவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு பட்டியலை இருமுறை பார்த்தார். "எனக்குத் தெரியவில்லை, ஐயா. இயந்திரம் போட்ட எண்ணை நான் தொடுவதில்லை" என்றார். அவருக்குத் துணை வருவதாக எண்ணி, அந்தக் கணிப்பொறிக் கணக்கை அமைத்துத் தந்த இளைஞர் எழுந்தார். "சார், அந்த நம்பரெல்லாம் கேஷில் போய்விட்டது" என்றார்.

கேஷ் என்றால் நம் காதுக்கு ரொக்கம் என்பதைத் தவிர வேறு பொருளுண்டோ? ரொக்கத்திலே போய்விட்டது என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சபை எடுத்துக்கொண்டது. பின் வரிசையில் கூச்சல் எழுந்தது. இளைஞர் ஏதோ விளக்க முயன்றார். எவர் காதிலும் விழவில்லை. பெரியவர் தம் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து மேசைமீது வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். கூட்டம் மறு தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நாம் ஏன் அப்படிக் கேட்டோம் என்பதையும் சொல்லவேண்டும். அது எம் தொழில் தந்த புத்தி. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்ஸன் என்றொருவர் இருந்தார். மரச்சாமான் செய்யும் தொழிலில் பயின்று, பின்னர் நியூகாஸில்–கார்லைல் ரயில் பாதையில் நிலைய அதிகாரியானவர். 1830களின் பிற்பகுதியில், வரிசை எண் அச்சிட்ட அட்டைப் பயணச்சீட்டு முறையை வகுத்தவர் அவரே. அதற்கு முன்னர்ச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். எத்தனை விற்றன என்பதற்கு எழுதியவர் சொல்லே சாட்சி. எட்மண்ட்ஸன் முறையில் சாட்சி சொல்வது எண். காலையில் கட்டின் மேலிருந்த எண்ணையும், மாலையில் மேலிருக்கும் எண்ணையும் குறித்துக் கழித்தால், விற்ற சீட்டுகளின் தொகை வந்துவிடும். விலையால் பெருக்கினால் பெட்டியில் இருக்கவேண்டிய பணம் வந்துவிடும்.

இம்முறை நம் நாட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலவியது. நாம் பணியில் சேர்ந்த புதிதில் சிறு நிலையமொன்றில் அவ்வட்டைகளைக் கையாண்டிருக்கின்றோம். அச்சகத்திலிருந்து கட்டு வந்தவுடன் எண்களைச் சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் அப்போதே எழுதித் தெரிவிக்கவேண்டும். தவறினால் அச்சீட்டின் விலை குமாஸ்தாவின் தலையில் டெபிட்டாக விழும். எண் போனால் பணம் போனது என்பதே எங்கள் பாலபாடம். அந்தப் பாடத்தைக் கொண்டே சங்கத்து ரசீதையும் அளந்தோம்.

வீட்டிற்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, நம் இல்லத்தரசி சோறு பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "நம் சங்கத்திலே மொத்தம் எத்தனை குடும்பம்?"

"112."

"குடும்பத்துக்கு ஒரு ரசீதுதானே? 112 குடும்பத்துக்கு 140 ரசீது போட ஆளுக்கு எங்கே போவார் அந்தப் பெரியவர்?"

கையிலெடுத்த கவளம் கையிலேயே நின்றது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம்; ஆனால் இந்தக் கணக்கிற்கு அந்தப் படிப்பும் வேண்டியதில்லை. எண்ணை எண்ணினோமேயன்றி ஆட்களை எண்ணவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காரியதரிசியையும் அவ்விளைஞரையும் அழைத்துக்கொண்டு அலுவலக அறைக்குச் சென்றோம். கணிப்பொறியிலிருந்த ரசீதுகள் 23, 18, 40, ஆக 81. ரொக்கப் புத்தகத்தில் 40,500 ரூபாய். வங்கிப் புத்தகத்திலும் 40,500. இவை பொருந்தினால் மட்டும் போதாது. ரசீதையும் பணத்தையும் சேர்த்தே ஒருவர் மறைத்திருந்தால் மிஞ்சிய கணக்கு பொருந்தத்தானே செய்யும்? ஆகையால் அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து, சந்தா செலுத்தாத 31 குடும்பங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தோம். பணம் கொடுத்ததாகவோ ரசீது பெற்றதாகவோ ஒருவரும் கூறவில்லை. விடுபட்டவை 59 எண்கள். செலுத்தாதவர் 31 பேர். இல்லாத குடும்பங்களிடமிருந்து எவர்தாம் பணம் வாங்க முடியும்? ஒரு காசும் குறையவில்லை.

அப்படியாயின் எண்கள் எங்கே போயின? இளைஞர் பொறுமையுடன் விளக்கினார். நமக்கு விளங்கிய அளவில், நம் தொழில் மொழியிலேயே அதனை எழுதுகின்றோம்.

கணிப்பொறியில் தகவல்களைத் தொகுத்து வைக்கும் ஏட்டிற்குத் தரவுத்தளம் என்று பெயர். கேட்டபோதெல்லாம் அடுத்த எண்ணைத் தருவதற்கு அதனுள் ஓர் அமைப்பு உண்டு. அதனைச் சீக்வென்ஸ் என்பர். எண்வரிசை என்று நாம் சொல்லலாம். ஒருவர்க்குக் கொடுத்த எண்ணை மற்றொருவர்க்குக் கொடாதிருப்பதே அதன் தலையாய கடமை. ஆதலின் எந்த எண் வரை கொடுத்தாயிற்று என்பதை அழியாத தட்டிலே அது எழுதிவைக்க வேண்டும். தட்டிலே எழுதுவதற்குக் கணிப்பொறியின் கணக்கில் நேரம் மிகுதி. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருமுறை எழுதுவதாயின், ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் எண் கேட்கும் இடத்தில் நீண்ட வரிசை நின்றுவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, நிலையத்தில் நாம் செய்வதே. ஒவ்வொரு சீட்டுக்கும் எழுந்து சென்று இருப்பு அலமாரியைத் திறக்கும் குமாஸ்தா உண்டோ? ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வந்து சன்னலில் அமர்கின்றார். "இந்த எண் வரை எடுத்துக்கொண்டேன்" என்று இருப்பேட்டில் ஒருமுறை எழுதுகின்றார். அவ்வாறே கணிப்பொறியும் 50 எண்களை ஒரு கட்டாக எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றது. தட்டிலே "50 வரை கொடுத்தாயிற்று" என்று ஒரே முறை எழுதிவிடுகின்றது. பின்னர் 1, 2, 3 என்று கையிலிருப்பதைக் கொடுத்துக்கொண்டே போகின்றது. இவ்வாறு கைவசம் எடுத்து வைப்பதற்கே ஆங்கிலத்தில் கேஷ் என்று பெயராம். ரொக்கத்தைக் குறிக்கும் சொல் வேறு, இச்சொல் வேறு. ஆங்கிலத்தில் எழுத்து வேறுபடுகின்றது. தமிழ்க் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஓர் ஒலியொற்றுமை ஒரு பெரியவரின் பதினெட்டாண்டு உழைப்பைப் பாழ்படுத்தப் பார்த்தது!

நினைவகத்தில் இருப்பது மின்சாரம் உள்ளவரைதான். 23 ஆம் ரசீது முடிந்த மாலையில் மழையும் காற்றும் வந்து மின்சாரம் நின்றது. அறையிலிருந்த பேட்டரியும் பழுது. கணிப்பொறி திடீரென்று அணைந்தது. கையிலிருந்த 24 முதல் 50 வரையுள்ள எண்கள் மறைந்தன. மறுநாள் விழித்தெழுந்த இயந்திரம் தட்டைப் பார்த்தது. அதில் "50 வரை கொடுத்தாயிற்று" என்றே எழுதியிருந்தது. அவற்றுள் எத்தனை எண்களை உண்மையில் கொடுத்தோம் என்பது அந்த அமைப்பிற்குத் தெரியாது. சந்தேகத்திற்கு இடமின்றி 51 இலிருந்து தொடங்கிவிட்டது. 68க்குப் பின்னரும் இதுவே நடந்தது. பெரியவரின் கைக்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். "மின்சாரம் நின்றது, மீதிப் பேருக்கு நாளை" என்று இரண்டு நாள்களில் எழுதியிருந்தார். அவ்விரு நாள்களும் எண்கள் தாவிய நாள்களே.

இங்கேதான் அட்டைச் சீட்டிற்கும் கணிப்பொறி எண்ணிற்கும் உள்ள வேறுபாட்டை உணரவேண்டும். அட்டைச் சீட்டில் எண்ணும் சரக்கும் ஒன்றே. அட்டை போனால் அதனை விற்றுப் பயணம் செய்ய முடியும். ஆதலின் அது பணம். எண்வரிசையிலோ, ரசீது பிறக்கும்போதுதான் எண் பொருள் பெறுகின்றது. பிறவாத ரசீதின் எண் வெறும் எண், அதற்கு விலையில்லை. ஓர் எண் விடுபட்டால் தீங்கில்லை. ஒரே எண் இருவர்க்கு வந்துவிட்டாலோ பெருங்குழப்பம். ஆகையால் இரண்டிலொன்று நேரவேண்டுமாயின் விடுபடட்டும், இரட்டிக்க வேண்டாம் என்பதே அதனை வகுத்தோரின் முடிவு.

உலகெங்கும் வழங்கும் பெரிய தரவுத்தளங்களும் இவ்வழியிலேயே நடக்கின்றன. ஆரக்கிள் என்பதில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கட்டிற்கு 20 எண்கள். மரியாடிபி என்பதில் 1000. எஸ்க்யூஎல் சர்வர் என்பதில், 2012 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், தானாக வளரும் எண் திடீர் நிறுத்தத்திற்குப் பின்னர் ஏறக்குறைய ஆயிரம் தாண்டிக் குதிப்பதைக் கண்டு பலர் திடுக்கிட்டனர். 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்கட்டு முறையை நிறுத்திவைக்கவும் வழி செய்தனர். போஸ்ட்கிரெஸ் என்பதில் வழக்கமான கட்டு ஓர் எண்ணே. ஆயினும் தன் குறிப்பேட்டில் 32 எண்களை முன்கூட்டியே எழுதிக்கொள்வதால், இயந்திரம் விழுந்தெழுந்தால் அங்கும் சில எண்கள் தாவக்கூடும்.

கட்டு முறையை அறவே நீக்கினாலும் எண் விடுபடுவது முற்றிலும் நில்லாது. எண்ணை வாங்கியபின் பாதியில் வேலை கைவிடப்பட்டால், எழுதிய விவரமெல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும்; வாங்கிய எண் மட்டும் திரும்பாது. அதனைத் திருப்பித் தரக் காத்திருந்தால், பின்னால் நிற்போர் அனைவரும் காத்திருக்க நேரும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு சன்னல்களில் இரண்டு குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு கட்டு எடுத்து அமர்ந்தால், ஒரு சன்னலில் 51 ஆம் சீட்டு விற்ற பின்னரே மற்றதில் 9 ஆம் சீட்டு விற்கலாம். ஆரக்கிளில் பல இயந்திரங்கள் சேர்ந்து ஒரு தளத்தை நடத்தும்போது, ஒவ்வொன்றும் தனக்கெனக் கட்டு வைத்துக்கொள்வதால் இதுவே நேரும். போஸ்ட்கிரெஸில் கட்டைப் பெரிதாக்கினால், ஒவ்வோர் இணைப்பும் தனிக் கட்டு எடுத்துக்கொள்வதால் அங்கும் இதே கதைதான். ஆகையால் பெரிய எண்ணைப் பெற்றவர் பின்னால் வந்தவர் என்று துணிதலும் கூடாது. முன்பின் அறிய வேண்டுமாயின் தேதியையும் நேரத்தையுமே பார்க்கவேண்டும்.

அவ்வாறாயின் எண் விடுபடுவது எங்குமே தவறில்லையா என்று கேட்கலாம். அப்படியன்று. நம் நேயர்களில் கடை வைத்திருப்போர் பலர். 2017 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விதிகளில் 46 ஆம் விதி, விற்பனைப் பட்டியலுக்குத் தொடர் வரிசை எண் வேண்டும் என்கின்றது. ஒரு வரிசையாகவோ பல வரிசைகளாகவோ இருக்கலாம். பதினாறு எழுத்துகளுக்கு மேற்படலாகாது. ஒரு நிதியாண்டில் இரட்டிக்கலாகாது. வரி அறிக்கையிலும் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தீர், எத்தனை ரத்தாயின என்று கேட்கின்றனர். இத்தகைய இடத்தில், கட்டு எடுக்கும் எண்வரிசையை அப்படியே பட்டியலில் அச்சிடுவது பொருந்தாது. உங்கள் கடைக்குக் கணக்கு அமைத்துத் தருவோரிடம் இதனைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

இதற்கு வேறு முறை இருக்கின்றது. கடைசியாகக் கொடுத்த எண்ணை ஏட்டில் ஒரே வரியில் எழுதி வைப்பது; ரசீது எழுதுபவர் அவ்வரியைப் பூட்டி, ஒன்று கூட்டி, ரசீதையும் எழுதி முடித்த பின்னரே திறப்பது. பாதியில் நின்றால் ரசீதும் எண்ணும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பும், எண் வீணாகாது. ஆனால் ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் நெருக்கும் இடத்தில் இது பெருந்தடை. 112 குடும்பங்களுள்ள சங்கத்திற்கு ஒரு தடையுமில்லை. எழுதி முடித்த ரசீதில் பிழை நேர்ந்தால் அதனை அழிக்கலாகாது. "ரத்து" என்று குறித்து அதன் எண்ணுடனேயே வைத்திருக்கவேண்டும். ரயில்வேயிலும் அச்சாகி வழங்கப்படாத சீட்டை நாங்கள் கிழித்தெறிவதில்லை; கணக்குடன் சேர்த்தே அனுப்புகின்றோம்.

நம் சங்கத்தில் இப்போது இம்முறையே அமைந்துவிட்டது. விடுபட்ட 59 எண்களைப் பற்றியும், மின்சாரம் நின்ற இரு நாள்களைப் பற்றியும் ஒரு குறிப்பெழுதி, நிர்வாகக் குழுவினர் கையொப்பமிட்டு, கணக்கேட்டில் ஒட்டிவைத்துள்ளனர். நாளை வேறொருவர் அந்த ஏட்டைப் புரட்டினால், நாம் கேட்ட கேள்வியை அவர் கேட்க நேராது.

அன்று மாலையே சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில்லாத அடுக்கு வீடு. வாசற்படியிலேயே நின்று மன்னிப்புக் கேட்டோம். உள்ளே அழைத்து அமரச் செய்தார். அம்மையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர்ப் பெரியவர் சொன்னார்: "தம்பி, கேள்வி கேட்டது தப்பில்லை. பொதுப் பணம், கேட்கத்தான் வேண்டும். கூட்டத்துக்கு முன்னாலே என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானும் உன்னோடு சேர்ந்து தேடியிருப்பேன்."

நமக்கு விடை எழவில்லை. சாவியை நீட்டினோம். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையே இச்சங்கத்தின் மூலதனம். கணக்குக் கேட்பதால் அது குறையாது; முறையறிந்து கேட்கவேண்டும். இனி எவ்விடத்திலேனும் ரசீதோ பட்டியலோ எண் தாவியிருக்கக் கண்டால், முதலில் ஆட்களையும் பணத்தையும் எண்ணுங்கள், தேதியைப் பாருங்கள், எண் கொடுத்தது எந்த முறை என்று வினவுங்கள். அதன் பின்னரும் குறையிருந்தால், அப்போது எழுந்து நின்று கேளுங்கள்.

ஒத்திவைக்கப்பட்ட மகாசபைக் கூட்டம் மறுபடி கூடும்போது, இதில் எழுதியதையே அங்கும் எழுந்து நின்று சொல்லுவோம். சந்தா செலுத்தாத 31 குடும்பத்தாரும் அதற்குள் செலுத்திவிடுமாறு பொருளாளர் கேட்டுக்கொள்கின்றார். அடுத்த ரசீதின் எண் 141. அனைவரும் செலுத்தி, ஒன்றும் ரத்தாகாவிடில், கடைசி ரசீதின் எண் 171 ஆக இருக்கும். இம்முறை இடையில் ஒன்றும் விடுபடாது.